இருநூற்றுப் பதினான்காம் அட்டை

2012 ஒக்ரோபர் 8ஆம் திகதி திங்கட்கிழமை, புத்தளம் மாவட்டம் கரைத்தீவில், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோருக்கான நலன்புரிச் சங்கமொன்றின் அலுவலகத்தில் புதிய மேசைக் கணினி ஒன்று இறக்கப்பட்டது. அதில் பதிய வேண்டிய குடும்பங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. பட்டியலை ஒப்படைக்கக் கடைசி நாள் ஒக்ரோபர் 19.

அங்கே எழுத்து வேலை பார்த்த கமறியாவுக்கு முதல் நாளே அந்தக் கணினிமேல் கோபம். ரிபன் வெட்டி, துஆ ஓதி, படம் எடுத்து, வந்தவர்கள் ரோல்ஸ் தின்று தேநீர் குடித்துப் போன பிறகு வேலை முழுவதும் அவள் தலையில் விழுந்தது. 1990இல் மன்னார்த் தீவிலிருந்து துரத்தப்பட்டுப் படகில் வந்த முஸ்லிம்களில் திரும்பிப் போக விரும்புகிறவர்களின் பட்டியல் அது. பழைய நிவாரண அட்டைகளைப் பார்த்து ஒவ்வொரு தலையாக அடிக்க வேண்டும். பட்டியலில் ஏறினால் சொந்த ஊரில் காணி. ஏறாவிட்டால் இந்தத் தகரக் கூரைக்குக் கீழேயே மௌத்தாக வேண்டியதுதான். அட்டைக்காரர்களில் அவளும் ஒருத்தி. வந்தபோது பதின்மூன்று வயது. இப்போது முப்பத்தைந்து.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு 214ஆம் அட்டையை எடுத்தாள். அது அவர்களுடைய அட்டை. உம்மா ஹவ்வா. கீழே வாப்பாவின் பெயர், 2003 என்று சிவப்பு மையால் வெட்டப்பட்டது. பிறகு கமறியா. பிறகு முனவ்வர், மகன், 1989. தம்பியின் பெயரை அடித்தாள். ‘நிலை’ என்ற கட்டத்தில் தெரிவுசெய்ய மூன்று சொற்கள் இருந்தன: உயிருடன், வெளிநாடு, மரணம். மூன்றாவதை அழுத்தினாள்.

அம்பு நின்றது. அவள் மவுஸை மேசையில் இங்கும் அங்கும் இழுத்தாள், அம்பு அசையவில்லை. திரையின் மூலையில் கடிகாரம் 11.07இல் நின்றது, நான்கு நாட்களாக ஓயாமல் முனகிக்கொண்டிருந்ததால் காதே மறந்துபோயிருந்த பெட்டியின் விசிறிச் சத்தம் இல்லாமல் போய், அந்த வெற்றிடத்தில் வெளியே தென்னோலை உரசுவதும் களப்புப் பக்கம் ஒரு படகு இயந்திரம் இருமுவதும் பக்கத்தில் நின்று செய்வதுபோலக் கேட்டன. மின்சாரம் இருந்தது. திரையில் வெளிச்சம் இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்தாள். தகரக் கூரை கொதித்து வியர்வை முதுகில் வழிந்த அந்த வேளையில், பெட்டி கிணற்றுத் தண்ணீர்போலச் சில்லென்று இருந்தது.

அணைத்து, திரும்பப் போட்டாள். அதே பெயர், அதே சொல். நின்றது. ஏழு தடவை நின்றது. ஏழாவது தடவை மேசையைக் காலால் உதைத்தாள்.

கணினி திருத்தும் கிளைட்டனுக்குப் புத்தளத்துக்குக் கோல் எடுத்தாள். நாற்பது வயதுக்காரன், சிலாபத்துப் பக்கத்து ஆள், வாய் ஓயாதவன்.

“மிஸ், என்ன செய்யுதெண்டு சரியாச் சொல்லுங்க. ஹேங் ஆகுதா, ஓஃப் ஆகுதா?”

“விறைச்சுப் போகுது.”

“விறைக்கிறதுக்கு அது என்ன ஐஸ் பெட்டி மீனா? சனிக்கிழமை வாறன். அதுவரைக்கும் அடிக்காதீங்க பாவம்.”

அவள் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை அவள் தேடி எடுக்கவில்லை. அது வாயில் தயாராக இருந்தது. போனை வைத்த பிறகும் நாக்கில் உப்புக் கரித்தது.

சனிக்கிழமை கிளைட்டன் மோட்டார் சைக்கிளில் வந்து, திருகாணிகளைக் கழற்றி, மூடியைத் திறந்து, உள்ளே விரலை விட்டு, சடக்கென்று இழுத்துக்கொண்டான்.

“ஏசி ரூம்லயா மிஸ் வெச்சிருந்தீங்க?”

“இந்த ரூம்ல ஒரு காத்தாடிக்கே வழியில்ல.”

“மெஷின் எண்டா சூடாகித்தான் நிக்கும். இது தலைகீழாக் கிடக்கு.” விரல் நுனியை முகர்ந்தான். “உள்ளுக்குத் தண்ணி. உப்புத் தண்ணி. யாரும் கடல்ல போட்டு எடுத்தீங்களா?”

“பகிடி விடாதீங்க. எனக்கு வெள்ளிக்கிழமை முடிக்கணும்.”

அவன் துடைத்தான். நினைவகப் பலகையை மாற்றினான், மின்கம்பியை மாற்றினான், அடித்து வைத்ததைப் பிரதி எடுத்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினான். நண்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை ஆனது. பிறகு விரல்களைச் சொடுக்கி, “இப்ப என்ட சீயாவச் சாகடிச்சுப் பாப்பம்,” என்று தன் பாட்டனாரின் பெயரை அடித்து ‘மரணம்’ என்று அழுத்தினான். ஒன்றும் ஆகவில்லை. “பாத்தீங்களா, சத்தமில்லாமப் போய்ச் சேந்துட்டார். மெஷின் நல்லம்.”

கமறியா அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, முனவ்வரின் வரிக்குப் போய், அழுத்தினாள்.

விசிறி நின்றது.

கிளைட்டன் திரையைப் பார்த்தான். பெயரைப் பார்த்தான். மூடியைத் தொடாமலே சாமான்களைப் பைக்குள் போடத் தொடங்கினான்.

“யார் மிஸ் அது?”

“உங்களுக்குத் தேவையில்லாத கதை.”

“அந்த வரிய விட்டுட்டு மத்தத அடிங்க,” என்றான். ஊற்றி வைத்த தேநீரைக் குடிக்காமல் போனான்.

விட முடியாது. சங்கச் செயலாளர் ஹமீட் ஹாஜியார் முதல் நாளே சொல்லியிருந்தார்: “இந்த முறை வீடு வீடா வந்து தலை எண்ணுவாங்க புள்ள. ஒரு தலை பொய்யெண்டாலும் முழுக் குடும்பத்தையும் வெட்டுவாங்க. பழைய விளையாட்டு இனிச் சரிவராது.”

பழைய விளையாட்டு அவளுக்குத் தெரியும். அட்டையில் எத்தனை பெயரோ அத்தனை பங்கு அரிசி, மா, பருப்பு. ஆகவே வழியிலும் முகாமிலும் மௌத்தானவர்களின் பெயரை எவரும் வெட்டக் கொடுப்பதில்லை. தலை எண்ணும் அதிகாரி வரும் நாளில் பக்கத்துக் கொட்டிலிலிருந்து பொருத்தமான வயதில் ஒரு பிள்ளையை இரவல் வாங்கி வரிசையில் நிறுத்துவார்கள். எண்ணி முடிந்ததும் அந்தப் பிள்ளை பின்வழியாக ஓடி அடுத்த குடும்பத்தில் நிற்கும். அதிகாரிக்கும் தெரியும். முனவ்வருக்கும் ஒவ்வொரு வருடமும் ஒருவன் நின்றான். இரண்டு வயதில் ஒருவன், ஐந்து வயதில் வேறொருவன், பத்து வயதில் மூக்கொழுகும் இன்னொருவன். அவன் பங்கு அரிசி தவறாமல் வந்தது. அதைத் தின்றுதான் கமறியா வளர்ந்தாள். தின்ற ஒவ்வொரு தடவையும் உம்மாமீது அவளுக்கு வந்த ஆத்திரம் இத்தனை வருடத்தில் ஒரு பிடிகூடக் குறையவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுமுன்பே தொடங்கினாள்.

“தம்பியை மௌத்தெண்டு போடப்போறன். நீங்க ஒப்பம் வைக்கணும்.”

ஹவ்வா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு நிற்கவில்லை. “ஜனாஸா தொழுதமா? கபுர் எங்க இருக்கு? காட்டு.”

“கடல்ல விட்டம் உம்மா. உங்களுக்குத் தெரியாதா?”

“நான் விடல்ல.”

“நீங்க மயங்கிக் கிடந்தீங்க. நான்தான் மடியில வெச்சிருந்த. நான்தான் சொன்ன.”

“என்ன சொன்ன?”

கமறியா குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

சுளகு நின்றது. “எனக்குக் கண்தான் இருண்டது, காது கேட்டது. ‘விறைச்சுப் போச்சு’ எண்டு சொன்ன. மௌத்தெண்டு சொல்லல்ல. அந்த மழையில, அந்தக் காத்துல, போட்ல இருந்த எல்லாருக்கும்தான் விறைச்சது.” ஹவ்வா மகளை நிமிர்ந்து பார்த்தார். “படகுக்காரன் கேட்டான். நீ நீட்டின.”

அவள் வாசற்கதவை அறைந்துவிட்டு வெளியே வந்து நின்றாள். வேலிக் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். கோபத்தால்தான் என்று சொல்லிக்கொண்டாள். பதினான்கு மாதப் பிள்ளை. நீலச் சால்வை. விரல்களைப் பிரிக்க முடியவில்லை, வாயருகில் காதை வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் காற்றில் தன் சத்தமே அவளுக்குக் கேட்கவில்லையே. அந்த நினைப்பை இருபத்திரண்டு வருடம் கோபத்தால்தான் மூடி வைத்திருந்தாள்.

புதன்கிழமைக்குள் முந்நூற்றுப் பதினொரு குடும்பங்கள் முடிந்தன. பின்னேரம் மூன்றரைக்கு மழை பிடித்தது. ஹாஜியார் அஸர் தொழுகைக்குக் குடையோடு போனார். தகரத்தில் மழை கொட்ட, அறை பாசி நிறத்துக்கு இருண்டு, காகிதக் கட்டுகளின் மக்கல் வாசத்துக்கு அடியிலிருந்து வேறொரு வாசம், நனைந்த கம்பளியும் மண்ணெண்ணெயும் கக்கிய பாலும் சேர்ந்து ஒரு படகின் அடிப்பலகையில் மட்டுமே கிடக்கக்கூடிய வாசம், மெல்ல எழும்பி வந்தது. கமறியா முக்காட்டை மூக்கோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு 214ஐத் திறந்தாள்.

அவள் அடிக்காத கட்டமொன்று நிரம்பியிருந்தது.

வதிவிடம்: தாயுடன்.

அழித்தாள். வரியின் மறுமுனைக்குப் போய் வருவதற்குள் மறுபடியும் இருந்தது. தாயுடன். அழித்தாள். யாரோ விளையாடுகிறார்கள். கிளைட்டனாக இருக்கும். நாளைக்கு அவனை உண்டு இல்லையென்று ஆக்க வேண்டும். ‘மரணம்’. அழுத்தினாள்.

நின்றது.

மழைச் சத்தமும் நின்றது. யன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

பெட்டியைக் கையால் அறைந்தாள். உள்ளங்கைத் தோல் இரும்பில் ஒட்டி, உரிந்து வந்தது. குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். கம்பி கையில் வந்தது.

திரை அணையவில்லை.

மடியில் பாரம்.

குனிந்து பார்க்கவில்லை. தொடையில் ஈரம் பரவியது. பதினான்கு மாதப் பிள்ளையின் பாரம். அதை அவள் உடம்பு மறந்திருக்கவில்லை. தலை இடது முழங்கையில். கால்கள் வலப்பக்கம்.

பிறகு பாரம் கூடியது. இரண்டு வயது. ஐந்து வயது. கதிரை கிறீச்சிட்டது. பத்து. கால்கள் நிலத்தைத் தொட்டன. தொட்ட சத்தம் கேட்டது. ஈரமான சத்தம்.

“நீ மௌத்து,” என்றாள். பற்களைக் கடித்துக்கொண்டு, முப்பத்தைந்து வயதுக் கோபம் முழுவதையும் சேர்த்து. “உன்னக் கடல்ல விட்டது. நான் பாத்த. தண்ணிக்குள்ள தாண்டு போன. நான் பாத்த.”

அவள் பார்த்ததைச் சொன்னாள். பார்த்ததில் ஒன்றைச் சொல்லவில்லை. சால்வை தாழுமுன் ஒருமுறை அசைந்தது. அலையாக இருக்கலாம்.

பாரம் இன்னும் கூடியது. திரையில் அவள் முகம் தெரிந்தது. அவள் தோளில் இன்னொரு தலை.

இடது கையில் பிளக். வலது கையில் மவுஸ். விரல்கள் மடங்க மறுத்தன. அம்பு அசைந்தது. அவள் அசைத்தாளா, தெரியவில்லை. மரணம். வெளிநாடு. உயிருடன்.

அழுத்தினாள்.

விசிறி சுழன்றது. பெட்டி சூடாகத் தொடங்கியது. மழை கேட்டது. மடியில் ஒன்றும் இல்லை, சேலை மட்டும் முழங்கால்வரை நனைந்திருந்தது. ஹமீட் ஹாஜியார் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார்.

“முடிஞ்சுதா புள்ள?”

“ஓம்.”

“ஊர் முழுக்கக் கரண்ட் போயிட்டே, இது எப்படி வேலை செய்யுது?”

அவள் பிளக்கைச் சுவரில் செருகினாள்.

பட்டியல் வெள்ளிக்கிழமை ஒப்படைக்கப்பட்டது. அதன்பிறகு கணினி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

நவம்பர் 6ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தலை எண்ணும் அதிகாரி கிராம சேவகருடன் வந்தார். ஹவ்வா அதிகாலையிலேயே எழுந்து, உள்ளறையில் பாய் விரித்து, மூன்று கோப்பைத் தேநீர் ஊற்றி வைத்திருந்தார். கமறியா முற்றத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரவல் பிள்ளை எவனும் இல்லை. குடும்பத்தை வெட்டட்டும், காணி போகட்டும், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அதிகாரி உள்ளே போய்விட்டார்.

“உம்மா பேர்?” என்ற அவருடைய குரல் உள்ளேயிருந்து கேட்டது. ஹவ்வா சொன்னார்.

“மகள் வெளிய நிக்கிறவவா? சரி.” காகிதம் புரண்டது. பிறகு அதே குரல், தாழ்ந்து, மரியாதையாக: “இவர் கதைக்க மாட்டாரா?”

“கதைக்க மாட்டான்,” என்றார் ஹவ்வா. “காத்துப் பட்டா அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. கதவைச் சாத்துங்க மகன்.”

கமறியா திரும்பிப் பார்க்கவில்லை. வேலிக் கம்பி உள்ளங்கையில் ஏறியது.

அதிகாரி வெளியே வந்து கைலேஞ்சியால் விரல்களைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். கிராம சேவகர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்தார். படிவத்தின் பிரதியை அவள் கையில் கொடுத்தார்கள். மூன்றாவது பெயருக்கு எதிரே, கையொப்பத்துக்கான இடத்தில், இடது பெருவிரல் அடையாளம் இருந்தது. மை பரவியிருந்தது. வளர்ந்த ஆணின் விரல். அதில் ரேகைகள் இல்லை.

டிசம்பர் 3ஆம் திகதி பட்டியல் சங்கத்தின் சுவரில் ஒட்டப்பட்டது. 214ஆம் இலக்கக் குடும்பத்துக்கு இருபது பேர்ச் காணி அனுமதிக்கப்பட்டிருந்தது. உறுப்பினர் மூவர்.