கறுப்புப் பொட்டு வைத்த பிள்ளை

ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் என் தங்கை லக்சிகா வாங்கிய வீட்டுக்கு நான் போனது, பிள்ளை பெற்றிருந்த அவளுக்குப் பத்தியக் கறி காய்ச்சிக் கொடுக்கத்தான். சுற்றிவர எல்லாம் ஒரே அச்சில் வார்த்த புதுவீடுகள். நடுவில் இது மட்டும் பழைய கல்வீடு. அந்தக் காலத்துப் பண்ணைவீடாம், இடிக்கக் கூடாதாம்.

"மலிவாக் கிடைச்சுது, அக்கா" என்றாள்.

மலிவாகக் கிடைத்தபோதே யோசித்திருக்க வேண்டும். எங்களுக்கெங்கே புத்தி!

அவளுடைய கணவன் மிதுனன் ட்ரக் ஓடுகிறவர். அந்தக் கிழமை மொன்றியல் பக்கம் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இருவரும், குறைமாதத்தில் பிறந்த இரட்டைப் பெண்குழந்தைகளும்தான். பெரியவள் உடம்பு பிடித்துவிட்டாள். சின்னவள் பால் குடித்தாலே களைத்துப் போவாள். பார்க்க வந்த சனமெல்லாம் அவளைப் பார்த்துத்தான் உச்சுக் கொட்டியது. நாவூறு பட்டுவிடும் என்று பயந்து, லக்சிகா அவளுடைய கன்னத்தில் மட்டும் பெரிதாகக் கறுப்புப் பொட்டு வைத்தாள்.

அன்று பின்னேரம் வீட்டுக்குள் ஒரு மணம் வந்தது. நனைந்த மாட்டின் மணம். கூடவே சூடான தார் மணமும். யன்னல்கள் எல்லாம் பூட்டித்தான் இருந்தன. பழைய வீடுதானே என்று ஒரு சாம்பிராணிக் குச்சியைக் கொளுத்தி வைத்தேன்.

பிறகு மேல்மாடியில் காலடிச் சத்தம். பாரமான சப்பாத்துக்கால், அவசரமில்லாமல் நடந்தது. மிதுனன்தான் வந்துவிட்டார் என்று நினைத்துக் குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பின்கதவடியில், வெறும் தரையில், சின்னவள் கிடந்தாள்.

"பச்சைப் பிள்ளையைக் கொண்டுவந்து உதிலை கிடத்துவியோடி?" என்று லக்சிகாவைப் பிடித்து ஏசினேன்.

"நானோ? நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போனியள் எண்டெல்லோ நினைச்சன்" என்று அழுதாள்.

மேலே போய்ப் பார்த்தால் மிதுனனும் இல்லை, ஒருவரும் இல்லை. அன்று இரவு முழுக்க ஒருத்தியை ஒருத்தி நம்பவில்லை. ஆனால் பிள்ளைகளை விட்டு இருவருமே அசையவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் கரோலின் வந்தாள். லக்சிகாவின் சிநேகிதி, எங்கள் தமிழ்ப்பிள்ளைதான், அந்த ஊர் மியூசியத்தில் வேலை. தொட்டிலைக் குனிந்து பார்த்தவளின் முகம் மாறியது. எங்களைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"உந்தப் பொட்டை அழியுங்கோ."

"ஏன்?" என்றாள் லக்சிகா.

"அந்தக் காலத்திலை இந்த வீட்டைக் கட்டினது கோல் எண்ட மனுசன். இங்கிலாந்திலையிருந்து வந்து, காடு வெட்டி, மாடு வளர்த்தவர். நல்ல சாதி மாடுகள், பரிசெல்லாம் எடுத்ததுகள். பனிக்காலத்துக்கு வைக்கோல் காணாது. அப்ப, தேறாத கண்டுக்குட்டியளுக்குக் கன்னத்திலை தார் தொட்டு வைப்பாராம். பொழுதுபட, தார் வைச்சதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனியிலை விட்டிடுவாராம்."



மேலே பலகை கிறீச்சிட்டது.

நான் திரும்பி ஓடினேன். தொட்டிலில் பெரியவள் மட்டும் கிடந்தாள்.

பின்கதவு அகலத் திறந்து கிடந்தது. வெளியே இருட்டிவிட்டிருந்தது.

வேலியோரம், பனிக்குள், சின்னவள் பம்பர்ஸோடு மட்டும் கிடந்தாள். அழவில்லை. பனியில் ஒரு காலடி கூட இல்லை. எடுத்து நெஞ்சோடு அணைத்தேன். ஐயோ, அந்தக் குளிர் என் எலும்பு வரை போனது. எச்சில் தொட்டு, ஸ்வெற்றர் கையால் அந்தப் பொட்டைத் தேய் தேய் என்று தேய்த்தேன்.

என் பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

லக்சிகா பெரியவளைத் தொப்பியோடு வாரி எடுத்துக்கொண்டு ஓடிவர, கரோலின் காரை எடுத்தாள். கார்ச் சூட்டில் சின்னவள் வீரிட்டு அழுதபோது நாங்களும் சேர்ந்து அழுதோம். எமேர்ஜென்சியில் பார்த்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். அந்த வீட்டுக்கு இனித் திரும்புவதில்லை என்று சொல்லிக்கொண்டு, எல்லோரும் டோர்செட் பார்க் பகுதியில் உள்ள என் அப்பார்ட்மென்டுக்கு வந்தோம். சின்னவள் பால் குடித்தாள். பிழைத்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் பசியே தெரிந்தது.

லக்சிகா பெரியவளின் தொப்பியைக் கழற்றினாள்.

"அக்கா... இஞ்சை பாருங்கோ."

பெரியவளின் இடது காதின் நுனியில் சின்னதாக ஒரு துண்டு இல்லை. கத்தரித்ததைப் போல் ஒழுங்கான வெட்டு. இரத்தம் காய்ந்திருந்தது. குழந்தையோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கரோலின்," லக்சிகாவின் குரல் இறங்கிவிட்டது, "நல்ல கண்டுகளை அவர் என்ன செய்யிறவர்?"

கரோலின் சுவரோடு சாய்ந்துகொண்டாள். "காதை வெட்டி அடையாளம் வைப்பார். எங்கை துலைஞ்சாலும் தேடிப் பிடிச்சுக்கொண்டு வர."

வெளியே லிஃப்ட் வந்து நின்றது. பாரமான சப்பாத்துக்கால், அவசரமில்லாமல், ஒவ்வொரு கதவாக நின்று நின்று வந்தது.

எங்கள் கதவடியில் தார் மணத்தது.