கறை படாத பாய்

"என் மீனைப் பூனை தின்னுடுச்சாம் சார்! நான் நம்பல. அது போட்டிக்கு மீன் வளக்குற பக்கத்துத் தெரு சனித்தோட வேலை!" என்று அழுதபடி வந்து நின்றாள் லம்துவான். பதினோரு தலைமுறை பொறுக்கியெடுத்து அவள் வீட்டிலேயே உருவாக்கிய நீலவால் சண்டைமீன் அது. ஞாயிறன்று நக்கோன் பத்தோம் நகரில் மீன்களுக்கான அழகுப் போட்டி. போட்டி போனால் போகட்டும், அந்த ஆண் மீன் போனால் வம்சமே போயிற்று.

துப்பறிவாளர் தம்ரோங்கும் உதவியாளன் சுதினும் உடனே கிளம்பினார்கள்.

பின்கட்டில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். மீன்கள் ஒன்றையொன்று பார்த்துச் சீறாதிருக்க நடுவே அட்டைகள். வாதுமை இலை ஊறி எல்லா ஜாடித் தண்ணீரும் தேநீர் நிறத்தில் இருந்தது. கீழே வெள்ளைப் பாயில் ஒரு ஜாடி உடைந்து கிடந்தது. பாய் நனைந்திருந்தும் வெளுப்பாகவே இருந்தது. அதன்மேல் தலையும் வாலும் இல்லாத மீன் துண்டம், எறும்பு மொய்த்தபடி.

"பூனைதான். என் கண்ணால பார்த்தேன்," என்றான் அவள் கொழுந்தன் கியாட், தட்டிலிருந்த சோற்றை மென்றபடி. அந்த மீன் நாற்றத்தில் சோறு எப்படித்தான் இறங்கியதோ!

"சனித்தைத் தூக்கிரலாம் சார்!" என்று துள்ளினான் சுதின்.

"பொறுய்யா." தம்ரோங் துண்டத்தைப் புரட்டினார். அடிவயிற்றில் குருணை போல ஒரு வெள்ளைப் புள்ளி. "இது பொட்ட. முட்ட வர்ற இடம் இது. மீன் வளக்குற சனித் தூக்கத்துலகூட இதை ஆணுன்னு வெக்க மாட்டான். இங்க கொட்டியிருக்குறதும் வெறும் குழாய்த் தண்ணி. இலைத்தண்ணின்னா பாய் கறையாகியிருக்கும். திருடுனவன் ஆணை ஜாடியோட தூக்கிட்டு, வேற ஜாடியை உடைச்சிருக்கான்." அவர் முகம் சுளித்தது. "பூனை கடிச்சா பிய்யும். இது கத்தியில அறுத்தது. பூனையைப் பார்த்தேன்னு சொன்ன ஒரே ஆளு நீதான், கியாட்."

கியாட் மெல்லுவதை நிறுத்தினான். "மீன்தானே அண்ணி! அவ்ளோ பெரிய வாலு, பந்தயச் சண்டையில ஜெயிக்கும்னு நெனச்சு இறக்கிவிட்டேன். வாலைத் தூக்கிட்டுத் திரும்பவே முடியல அதால."

சுதின் கியாட்டின் அறையிலிருந்து ஆண் மீன் இருந்த ஜாடியை எடுத்துவந்தான். வால் நார்நாராகக் கிழிந்திருந்தது. உயிர் இருந்தது.

"வாலு முளைக்கும்," என்றாள் லம்துவான், கண்ணைத் துடைத்து. "நீ அறுத்தது இவனுக்கு ஜோடி சேர்க்கப் புழு ஊட்டி வெச்சிருந்த பொட்ட. நல்லவேளை, அதோட தங்கச்சி இருக்கு."

தம்ரோங் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கைகழுவினார். அருவருப்பு போகவில்லை.

லம்துவான் கியாட்டின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி, சோற்றை வாசலில் படுத்திருந்த பூனையின் முன்னால் கொட்டினாள்.

"அதுமேலதானே பழி போட்ட? உன் சோறு இனி அதுக்கு. நீ கிளம்பு."