சதுப்புக்கு நடுவே ஒரு வீடு

காலையில் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது ஏறியது மூன்று படி. மதியம் தட்டைக் கழுவ வெளியே வந்தவள், இரண்டே படியில் தரையைத் தொட்டுவிட்டாள்.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறவள். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள். சதுப்பைக் காப்பாற்ற இரண்டு நாள் கூட்டம் என்று தங்கைதான் நச்சரித்து அழைத்து வந்திருந்தாள். மொத்தம் பதினோரு பேர். யாரோ கட்டி யாரோ கைவிட்டுப் போன வீடு அது. சிமெண்ட் கூரை, பலகைத் தரை, வெளிப்பக்கமாகத் திறக்கும் ஒரே கதவு, ஜன்னல்களில் விரல் தடிமனுக்குக் கம்பி. வேன் ஞாயிறு மாலைதான் திரும்பி வரும். செல்போனில் சிக்னல் பேருக்குக்கூட இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார, எல்லோரும் ரேஞ்சர் என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற வன அலுவலர், சதுப்பின் குறுக்கே போடப்போகும் சாலையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். அவள் ஜன்னலோரம் இருந்தாள். கூரைமேல் விழும் மழையின் இரைச்சல், ஊறிய சேற்றின் அழுகல் வாடை, அதற்கெல்லாம் அடியில், யாரோ ஈரத் துணியை மெல்ல மெல்லப் பிழிவது போல ஓயாமல் கேட்ட ஒரு சத்தம். பேச்சில் மனம் ஒட்டவில்லை. பையிலிருந்த டேப்பை எடுத்துக் கம்பி வழியாக இறக்கினாள். ஜன்னல் விளிம்பிலிருந்து மண்வரைக்கும் அறுபது சென்டிமீட்டர். அரைமணி கழித்து மறுபடி இறக்கினாள். நாற்பத்தொன்று.

தங்கையின் முழங்கையைத் தொட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். தங்கை சிரித்துவிட்டாள்.

"அக்கா, லீவுலகூட உன்னால அளக்காம இருக்க முடியாதா? மழைக்கு மண்ணு உப்பும். பேசாம உக்காரு."

உட்கார்ந்தாள். இருபத்தாறு. புல்லின் நுனிகள் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தன. பதினொன்று. பேச்சை நிறுத்தாமலே ரேஞ்சர் ஒருமுறை ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் நிறுத்திவிட்டார்.

எழுந்து போய்க் கதவைத் தள்ளியது அவர்தான். அசையவில்லை. நாலு பேர் சேர்ந்து தோள் கொடுத்தார்கள். மேல் பக்கம் ஒரு விரல் அகலம் விலகியது, அந்த இடுக்கின் கீழ்ப்பாதி வழியாகச் சேறு கூழாக உள்ளே வழிந்தது. கதவு தானாகவே மூடிக்கொண்டது. தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. யாரும் கத்தவில்லை. கத்தினால் இன்னும் வேகமாக இறங்கிவிடுமோ என்று பயந்தவர்கள் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சேறு உள்ளே வராமல் ஜன்னல்களின் கண்ணாடிக் கதவுகளை இழுத்துச் சாத்தினார்கள். வெளிச்சம் ஜன்னலின் கீழிருந்து மேலாகப் போயிற்று. பாதி. கால். ஒரு கோடு.

அதுவும் போயிற்று.

மழைச் சத்தம் நின்றது. மழை நின்றதா, அது கேட்காத ஆழத்துக்கு வந்துவிட்டார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. தங்கை இருட்டில் தடவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஜில்லிட்டிருந்தன.

"நான்தானே உன்னைக் கூட்டிட்டு வந்தேன்," என்றாள்.

அவள் காலுக்கடியில் ஏதோ கேட்டது.

பேச்சுக் குரல்.

மண்டியிட்டுப் பலகையில் காதை வைத்தாள். நிதானமான குரல், கூட்டத்தில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பது போல. யாராவது தோண்டி வருகிறார்களோ. நெஞ்சில் சட்டென்று உயிர் வந்தது. ரேஞ்சர் டார்ச்சை அடித்தார். வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பிடுங்கி எல்லோருமாக நெம்பினார்கள். பலகை பிளந்தது.

கீழே மண் இல்லை. ஓடு.

பாசி பிடித்த, வரிசை வரிசையான கூரை ஓடுகள். இன்னொரு வீட்டின் கூரை.

அவள் ஓடு ஒன்றைப் பெயர்த்து எடுத்தாள். கீழே பேச்சு நின்றது.

டார்ச் வெளிச்சம் ஓட்டை வழியாக விழுந்தது. சேறு பூசிய தலைகள். வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொன்றாக முகங்கள் மேலே நிமிர்ந்தன. ஒன்றிலும் வியப்பு இல்லை. அவளையே பார்த்தபடி, ஒருத்தி மெல்ல நகர்ந்து உட்கார்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள்.