கீழவாஞ்சூர் முனையில் மூன்றாவது அம்பு

டெலிபோன் அலறியது.

காலை ஒன்பதரை. காரைக்கால் சாலைப் பிரிவு அலுவலகம். உதவிப் பொறியாளர் தேவிகா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஹலோ..."

"மேடம்... கீழவாஞ்சூர் முனை தையல்நாயகி... மீன்காரம்மா..." குரல் நடுங்கியது. "நாகராஜ் சார் மறுபடி வந்துட்டுப் போயிருக்காருங்க!"



நாகராஜ்! தேவிகாவுக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்தவர். சாலைக்காக இடிக்க வேண்டிய சுவரில் சிவப்பு அம்பும் அதன் வாலடியில் ஒரு புள்ளியும் போடுவது அவர் வழக்கம். போன அக்டோபரில் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு கீழவாஞ்சூருக்குக் கிளம்பினார். திரும்பவில்லை. பைக் மட்டும் கடற்கரையில் நின்றது. கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊர் முடிவு கட்டியது.

"எங்க?"

"அரசப்பன் லாரி ஷெட்ல, பின் சுவத்துல. வேலி வழியா பாத்தேன். அதே சிவப்பு அம்பு... வாலுக்குக் கீழ அதே புள்ளி! முன் சுவத்துல ஏற்கெனவே ரெண்டு, இதோட மூணு மேடம்!"

"தொடாதீங்க. வரேன்."

துறைமுகம் வரப்போகிறது. நிலக்கரி லாரிகள் திரும்ப கீழவாஞ்சூர் முனையை அகலப்படுத்த வேண்டும். ஒரு பக்கம் தையல்நாயகியின் ஓட்டு வீடு. எதிரே அரசப்பனின் லாரி ஷெட். இரண்டில் ஒன்று போயாக வேண்டும். ஷெட்டைத் தொடக்கூடாது என்று அரசப்பன் ஏழு மனு போட்டிருந்தான். அதனால் வரைபடத்தில் கோடு தையல்நாயகியின் அடுப்படி வழியாகப் போனது.

இன்று மாலை அந்த வரைபடம் புதுச்சேரித் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. பாக்கி, தேவிகாவின் கையெழுத்து மட்டும்!

ஜீப் முனையில் நின்றதும் தையல்நாயகி ஓடி வந்தாள்.

"சுனாமில ஒரு வீடு போச்சு மேடம். இது ரெண்டாவது. இதுவும் போனா நான் எங்க போவேன், சொல்லுங்க!"

அதற்குள் அரசப்பன் கும்பிட்டபடி வந்தான். நெற்றி நிறைய விபூதி.

"வாங்க மேடம். அந்த மனுஷன் ஆத்மா என் எடத்தைக் கேக்குது. எனக்குத் தூக்கமே இல்ல. ஷெட்டையே எடுத்துக்கங்க. எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்."

"பாருடா!" தையல்நாயகி இடுப்பில் கை வைத்தாள். "திருநள்ளாறுல எள்ளு விளக்கு ஏத்தி புத்தி வந்துடுச்சா அண்ணே? ஏழு மனு போட்ட ஆளு!"

"நல்லது செஞ்சாலும் குத்தமா? ஒன் வீடுதானே தப்பிக்குது?"

தேவிகா ஷெட்டின் பின்பக்கம் நடந்தாள்.

"அங்க எதுக்கு மேடம்? அம்பு முன் சுவத்துலல்ல இருக்கு!" அரசப்பன் பின்னாலேயே வந்தான். பின் சுவரைப் பார்த்தான்.

அவன் முகம் வெளுத்தது. அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை.

முழங்கால் உயரத்தில் சிவப்பு அம்பு. பெயிண்ட் இன்னும் காயவில்லை!

"மேடம்..." அளவுகோல் பிடிக்கும் முத்துக்குமரன் கிசுகிசுத்தார். "சார் எப்பவும் ரோட்டப் பாத்துத்தான் அம்பு போடுவாரு. மண்ணப் பாத்துப் போட்டதே இல்லீங்க."

அம்பு நேராகத் தரையைக் காட்டியது.

தேவிகா பையிலிருந்து நாகராஜின் பழைய லெவல் புத்தகத்தை எடுத்தாள். காணாமல் போவதற்கு ஒரு வாரம் முன், இதே கொல்லையில் அடிக்கு அடி தரையின் உயரத்தை அளந்து எழுதியிருந்தார். குண்டு குண்டான எழுத்து.

"கோலைப் பிடிங்க முத்தண்ணே. மறுபடி அளப்போம்."

கருவி வழியாகப் பார்த்தாள். முதல் புள்ளி, புத்தகத்தில் உள்ளபடியே. இரண்டாவது, மூன்றாவது... மாற்றமில்லை.

அம்புக்குக் கீழே...

பதினெட்டு சென்டிமீட்டர் பள்ளம்!

அடுத்த அடியிலும் பள்ளம். அதற்கடுத்தும். ஆறடி தாண்டியதும் பழைய அளவே வந்தது.

லாரி ஏறி இறுகிய மண் ஒரு மழைக்கு இவ்வளவு இறங்காது. தோண்டி மூடிய மண்தான் இறங்கும். நீளம் ஆறடி. அகலம்... ஓர் ஆள் படுக்கிற அகலம்.

செத்தவர் எழுதிய புத்தகம் அவள் கையில் கனத்தது.

ஜீப்புக்குப் போய் செல்போனில் இரண்டு நிமிடம் தாழ்ந்த குரலில் பேசினாள். திரும்பி வந்து, அரை மணி நேரம் மேலும் அளப்பதுபோல் போக்குக் காட்டிவிட்டுச் சிரித்தாள்.

"சரிங்க அரசப்பன். உங்க எடத்தையே எடுத்துக்கறோம்."

"புண்ணியமாப் போவும் மேடம்! சீக்கிரமா தாரை ஊத்திடுங்க."

"அதுக்கு முன்னாடி ஒரு மீட்டர் தோண்டணும்."

"தோ... தோண்டணுமா?" அரசப்பனின் துண்டு நழுவியது. "எதுக்கு? நம்ம ஊர்ல எந்த ரோட்டுக்குத் தோண்டியிருக்காங்க? பழசு மேலேயே ஜல்லியக் கொட்டி தாரை ஊத்திட்டுப் போவாங்களே!"

"இது நிலக்கரி லாரி போற ரோடு. இதை மட்டும் ஒழுங்காப் போடப் போறோம்."

அரசப்பன் பின்வாங்கினான். திரும்பினான். ஓடினான்!

வேலித் திறப்பில் போலீஸ் இன்ஸ்பெக்டர் உத்திராபதி நின்றிருந்தார். பின்னால் மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள்.

"எங்கண்ணே அவசரம்? தோண்டறதைப் பாத்துட்டுப் போங்க."

மூன்றடி ஆழத்தில் முதலில் வந்தது ஒரு பெயிண்ட் டப்பா. மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது.

அடுத்து வந்ததைப் பார்த்து தையல்நாயகி அலறினாள்.

போலீஸ் ஜீப்பில் ஏறும்போது அரசப்பன் உடைந்துபோனான்.

"ஷெட்டு ரோட்டு நிலத்துல இருக்கு, இடிக்கணும்னாரு... ஜாக்கி லீவரால ஒரே போடு... அப்புறம்தான் யோசிச்சேன். மேல ரோடு வந்துட்டா காலத்துக்கும் யாரும் பாக்க மாட்டாங்கன்னு... அதான் அவரு மாதிரியே அம்பு போட்டேன்..."

"மூணும் நீதானே?" என்றார் உத்திராபதி.

அரசப்பன் தலையைத் தூக்கினான். கண்களில் கிலி.

"ரெண்டுதான் சார்! முன் சுவத்துல! பொணத்தைக் காட்டி நானே அம்பு போடுவேனா?"

முத்துக்குமரன் துருப்பிடித்த டப்பாவையே பார்த்தார். சுவரிலிருந்து ஒரு சிவப்புச் சொட்டு மெதுவாக மண்ணில் இறங்கியது.

தேவிகா வரைபடத்தை விரித்தாள். தையல்நாயகியின் அடுப்படியில் கிடந்த கோட்டை அழித்தாள். ஷெட்டின் மேல் புதுக்கோடு போட்டுக் கையெழுத்திட்டாள்.

உத்திராபதி தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"செத்து மூணு மாசம் கழிச்சும் பாக்கி வேலைய முடிச்சுட்டுப் போயிருக்காரு மேடம்... உங்க டிபார்ட்மென்ட்ல உசுரோட இருக்கிற யாராவது இப்படிச் செஞ்சு பாத்திருக்கீங்களா?"