வடிகட்டிய தண்ணீர்

குடித்து முடித்த பிறகுதான் வாடை தெரிந்தது. வேகவைத்த புழுவின் வாடை.

ராக் குழுவில் பாடுகிற ரிஷப் சமணக் குடும்பத்துப் பிள்ளை. துணியில் வடிகட்டாமல் தண்ணீர் குடிக்கமாட்டான். பொழுது சாய்ந்தால் வாயில் எதுவும் படாது. இன்றைக்கென்று பருத்தித் துணியை வீட்டில் மறந்து தொலைத்திருந்தான். பொழுது சாயப் போகிறதே என்று, டிரம்ஸ் வாசிக்கிற அன்பரசு நீட்டிய துணியில் வடிகட்டி மடமடவென்று குடித்துவிட்டான்.

"இது இன்னா துணிடா?"

"பட்டுதான். மூலைல கெடந்துச்சு. இன்னாத்துக்கு மூஞ்ச சுளிக்கிற?"

பட்டு. புழுவைக் கூட்டோடு கொதிநீரில் போட்டு உரிக்கிற பட்டு. ரிஷபின் வீட்டில் அதைத் தொடக்கூட மாட்டார்கள். குனிந்து துப்பினான். எச்சில் இழையாகத் தரைவரை நீண்டது, அறுந்து விழவில்லை.

ஆரணியில் முன்பு பட்டுக்கூடு வேகவைத்த கொட்டகை அது. அங்கே கூடு வேகவைத்து நூலெடுத்த காத்தவராயன்தான் கச்சேரிக்கு இடம் கொடுத்திருந்தார். பழைய ராட்டைக்குப் பக்கத்தில், முன்வரிசையில், உட்கார்ந்திருந்தார்.

"பாட்டோட கடைசி கூச்சல மட்டும் சொதப்பிடாத," என்றாள் கிதார் வாசிக்கும் நிஷா. "அதக் கேக்கத்தான் சென்னைலேர்ந்து ஆள் வந்துகினு இருக்காங்க."

எழுபதுகளின் அந்த ஹார்ட் ராக் பாட்டு தொடங்கியது. தகரக் கூரை அதிர்ந்தது, ஜெனரேட்டரின் டீசல் புகையும் கூட்டத்தின் வியர்வையும் சுவரில் ஊறிப்போன பழைய புழுநாற்றமும் கலந்து மூக்கில் ஏற ஏற, ரிஷபின் தொண்டைக்குள் சோற்றில் அகப்பட்ட மயிரைப் போல ஏதோ ஒன்று மெல்லச் சுருண்டுகொண்டிருந்தது. சீ! விழுங்கினான். இறங்கவில்லை. பாடினான். இன்னும் சுருண்டது.

கூச்சலுக்கான இடம் வந்தது. வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை. நூல் வந்தது.

மஞ்சள் நூல். ஈரம். மைக்கில் ஒட்டித் தொங்கியது.

கூட்டம் விசிலடித்தது. வித்தை என்று நினைத்துவிட்டார்கள். செல்போன்கள் உயர்ந்தன. நிஷா சிரித்தபடி இன்னும் வேகமாக வாசித்தாள்.

காத்தவராயன் எழுந்து வந்தார். நூல் நுனியை விரலில் பிடித்தார். பழகிய கை. ராட்டையில் மாட்டினார்.

"ஆடாதீங்க தம்பி. அறுந்துடப் போவுது."

ராட்டை சுற்றியது. வயிற்றுக்குள்ளிருந்து இழுத்தது. கால் மடங்கியது. சட்டை தொளதொளத்தது. நாற்றம் இப்போது தண்ணீரிலிருந்து வரவில்லை, சுவரிலிருந்தும் வரவில்லை. அவனிடமிருந்து வந்தது.

"ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார்கள்.

ராட்டை நிறைந்துகொண்டிருந்தது. சட்டைக்குள் ரிஷப் சுருங்கிக்கொண்டிருந்தான். மஞ்சளாக. கொழகொழவென்று. வெந்து.