முப்பது கோடுகளில் ஒரு முகம்

நவம்பர் 21, வெள்ளி. நேற்றைய வகுப்பில் ஒரு சின்னப் பிழை விட்டேன். சிவப்பு நிறம் படத்தில் விழாது என்று எமிலியா முன்பே சொல்லியிருந்தும், குங்குமத்தை அழித்துவிட்டு நீல மையால் பொட்டு வைக்க மறந்துபோனேன். பதிவில் என் நெற்றி வெறுமையாக இருக்கிறது.

எழுதி முடித்த மேனுஜா பேனையை மூடினாள். பிறகு திறந்து, ‘சின்ன’ என்ற சொல்லுக்கு மேலே ஒரு கேள்விக்குறி போட்டாள்.

டென்மார்க்கின் விபோர்க் நகரில் வியாழன்தோறும் நடக்கும் மாலை வகுப்பு அது. ஆரம்பகால லண்டன் தொலைக்காட்சியின் ஒரு நாள் நிகழ்ச்சியை அந்தக் காலத்து முறைப்படியே திரும்பச் செய்து பார்ப்பதுதான் இந்தப் பருவத்து வேலை. முதலில் அறிவிப்பு, பிறகு ஒரு பாட்டு, ஒரு நடனம், வித்தைக்காரர் ஒருவர், நிறைவு. அந்த நாட்களில் அந்த அலைகள் வடகடலைத் தாண்டி டென்மார்க்குக்கும் வந்தன என்றும், பார்த்தவர்கள் பார்த்ததோடு சரி, அநேகமாக எதுவும் பதிவாகவில்லை என்றும் வகுப்பை நடத்தும் எமிலியா சொல்லியிருந்தாள்.

அறிவிப்பாளர் வேலை மேனுஜாவுக்கு வந்தது. முகத்துக்கு வெள்ளை, உதட்டுக்குக் கருநீலம் பூசி, அவளை இருட்டறையில் ஒரு நாற்காலியில் இருத்தினார்கள். எதிரே ஓட்டைகள் போட்ட தகடு சுழன்றது. அதற்குள்ளால் வந்த வெளிச்சம் கீழிருந்து மேலாக, கோடு கோடாக, முப்பது கோடுகளாக அவள் முகத்தில் ஓடியது. கண் கூசியதில் எதிரே யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. அசையக்கூடாது என்றாள் எமிலியா. மேனுஜா அசையவில்லை.

வெறும் நெற்றியின் அர்த்தத்தை மேனுஜா வகுப்பில் சிரித்துக்கொண்டே விளக்கியபோது, அந்தக் கருவி சிவப்பை வெள்ளையாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்று எமிலியா ஆறுதல் சொன்னாள். இரவு மேனுஜா அதைக் கணவன் ரஜிதனுக்கும் சொன்னாள்.

“அப்ப நான் போய்ச் சேந்திட்டனோ?” என்றான் அவன், சோற்றைப் பிசைந்தபடி. “நாளைக்கு ஓவர்டைம் இருக்கு. அதை முடிச்சுப்போட்டுப் போறன். பொட்டில்லாட்டியும் நீர் வடிவுதான்.”

அவளும் சிரித்தாள். கல்யாணமாகி முதல் குளிர்காலம். இந்த ஊரில் அவளுக்கு அவன் ஒருவன்தான்.

பதிவைச் சரிபார்க்கும்படி வகுப்பில், மோட்டாரில் சுழலும் ஓட்டைத் தகடு உள்ள ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். வெள்ளி பின்னேரம், வெளியே அதற்குள் கும்மென்று இருட்டியிருக்க, அவள் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மடிக்கணினியோடு இணைத்தாள். தகடு சுழலத் தொடங்கியது. அதன் ஊளை மெல்ல உயர்ந்து, ஜன்னல் கண்ணாடியில் ஏறி, அலமாரிக்குள் இருந்த கோப்பைகளைத் தொட்டு நடுக்கி, சூடேறும் எண்ணெயின் மணத்தோடும் வாசலில் தொங்கிய ஈர ஜாக்கெட்டின் மணத்தோடும் கலந்து அறை முழுவதும் நிறைந்தது. பெட்டியின் முன்புறப் பூதக்கண்ணாடிக்குப் பின்னால், தீப்பெட்டி அளவில், செம்மஞ்சள் நிறத்தில் அவள் முகம் மிதந்து வந்தது.

நெற்றியில் பொட்டு இருந்தது. கறுப்பாக, வட்டமாக.

நேற்று இல்லை. இல்லையென்று வகுப்பே பார்த்தது. தான்தான் பிழையாக நினைவு வைத்திருக்கிறேனோ என்று நினைத்து, பதிவை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

இந்த முறை படத்தின் வலது ஓரத்திலிருந்து ஒரு பெருவிரல் வந்தது. பிள்ளையின் வாயைத் துடைப்பதுபோல, அவசரமில்லாமல், அந்தப் பொட்டைத் துடைத்தது. படத்தில் இருந்த மேனுஜா கண் சிமிட்டவில்லை. சொன்னபடி அசையாமல் இருந்தாள்.

நேற்று அவளருகில் யாரும் நிற்கவில்லை.

ரஜிதனைக் கூப்பிட்டாள். ஹோர்சன்ஸ் கிடங்கில் வேலை முடித்து அவன் காரில் வந்துகொண்டிருந்தான்.

“எங்க வாறீங்கள்?”

“சில்க்கபோர்க் தாண்டீட்டன். ஒரே புகார், றோட்டே தெரியேல்லை. ஏனப்பா?”

“காரை நிப்பாட்டுங்கோ.”

“பொட்டுக்கோ?” அவன் சிரிப்பது கேட்டது.

“ஓம்” என்றாள். குரல் உடைந்தது.

அவன் சிரிப்பை நிறுத்தினான். “சரி, சரி. வெளிச்சமுள்ள இடமாப் பாத்து நிப்பாட்டுறன். போனை வையாதையும்.”

அப்போது படத்தில் இருந்த முகம் வாய் திறந்தது. நேற்று அவள் ஆங்கிலத்தில் மட்டும்தான் அறிவித்திருந்தாள். இது தமிழ். அவளுடைய குரல்.

“அடுத்து, ரஜிதன்.”

படத்தில் நாற்காலி வெறுமையானது.

“முன்னுக்கு ஒரு லைட் தெரியுது” என்றான் அவன் போனில். “தெரு லைட் இல்லைப் போல. கோடு கோடா ஓடுது.”

“பாக்காதேங்கோ. காரை எடுங்கோ. எடுத்துக்கொண்டு வாங்கோ.”

“கண் கூசுது. முன்னுக்கு ஆர் நிக்கிறதெண்டு தெரியேல்லை.”

கார் எஞ்சின் நின்றது. கதவு திறந்தது. பிறகு போனுக்குள்ளும் அந்த ஊளை. மேசையில் கேட்ட அதே ஊளை.

படத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். கிடங்கு ஜாக்கெட். தோளில் மினுங்கும் பட்டி. வெள்ளை முகம். கறுத்த உதடு. ரஜிதன்.

அவள் கை பாய்ந்து மோட்டாரை நிறுத்தியது. ஊளை இறங்கியது. படம் சரிந்தது. போனில் அவன் மூச்சும் இறங்கியது. நீண்டது. இடைவெளி விட்டது. ஓரத்திலிருந்து பெருவிரல் வந்தது. அவன் இமையைத் தொட்டது. கீழே இழுத்தது.

மூடுவதற்கு.

அவள் மோட்டாரைத் திரும்பப் போட்டாள். தகடு வேகம் பிடித்தது. விரல் ஓரத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. போனில் மூச்சு வந்தது.

பதிவு ஓடி முடிந்துவிட்டதென்று மடிக்கணினி காட்டியது. படம் முடியவில்லை. அவன் அசையாமல் இருந்தான். கண் மட்டும் அவளைத் தேடியது.

நள்ளிரவு தாண்டியபோது மோட்டாரில் கை வைத்தாள். சுட்டது. ஒரு கையால் போனைக் காதோடு அழுத்தியபடி, மறு கையால் எழுதினாள்.

நவம்பர் 22, சனி. செய்ய வேண்டியது: மோட்டாருக்கு எண்ணெய். நான் எழும்ப ஏலாது, எமிலியாவிடம் கொண்டுவரச் சொல்ல வேண்டும். தகடு நிற்கக்கூடாது.