கல்லை விட்டுப்போன எண்ணெய்

"மூணு மணிக்கு என்னை வேலையை விட்டு அனுப்பப்போறாங்க," என்று ஆய்வுக்கூடத்துப் பெண் வாசலிலேயே சொல்லிவிட்டாள். அப்போது மணி பன்னிரண்டு. நிதானம் என்று ஊரே கூப்பிடும் துப்பறிவாளர் செருப்பைத் தேடுவதற்குள் அவர் மனைவி ஆட்டோவைப் பிடித்துவிட்டாள்.

வழியில் விவரம் வந்தது. உப்புநீரில் மூழ்கிய படிகக்கல்லில் கச்சா எண்ணெய்த் துளி ஒட்டிக்கொள்கிறது என்று நாற்பது சோதனைகளோடு அவள் அறிக்கை கொடுத்திருந்தாள். பத்து நாளாக ஒரு துளிகூட ஒட்டவில்லை. அறிக்கையே கட்டுக்கதை என்கிறார் இயக்குநர்.

"பக்கத்து மேசைக்காரர் எண்ணெயை மாத்தியிருப்பார்," என்றாள் மனைவி.

"ஆளை இன்னும் பார்க்கவேயில்லையே நீ," என்றார் நிதானம்.

ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் அதே டப்பாதான். அலமாரிச் சாவி அந்தப் பெண்ணிடமே இருந்தது. கல்லும் மாறவில்லை. உப்பு அவளே எடைபோட்டது.

"தண்ணி?"

"குழாய்த் தண்ணிதான் சார். காய்ச்சி வடிக்கிற மெஷின் ரெண்டு மாசமா ரிப்பேர்."

எண்ணெயைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போன மனைவி வெகுநேரம் வரவில்லை. "என்ன சோப்புங்க இது, கழுவக் கழுவ நுரை போகவே மாட்டேங்குது."

"முன்னாடி நுரையே வராதே," என்றாள் பெண்.

நிதானம் விறுவிறுவென்று மாடிப்படி ஏறினார். கல்யாணமான நாளிலிருந்து மனைவி அவரிடம் அந்த வேகத்தைப் பார்த்ததில்லை. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு புது நீல உருளை இருந்தது. பொருத்திப் பதினொரு நாள் என்றது அதில் ஒட்டிய சீட்டு. தோட்டத்துக் குழாய் மட்டும் அதன் வழியாகப் போகவில்லை.

"அங்கேருந்து ஒரு வாளி தண்ணி கொண்டா," என்பதற்குள் மனைவி பாதிப் படி இறங்கியிருந்தாள்.

மூன்று மணிக்கு இயக்குநர் வந்தபோது மேசையில் இரண்டு பாத்திரங்கள். ஒன்றில் எண்ணெய் கல்லை விட்டு மிதந்தது. மற்றதில், தோட்டத்துத் தண்ணீரில், கல்லைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

"எண்ணெயில இருக்கிற அமிலத்துக்கும் கல்லுக்கும் ஒரே மின்னேற்றம், ஒண்ணையொண்ணு தள்ளும்," என்று பெண் மூச்சுவிடாமல் சொன்னாள். "நடுவுல கால்சியம் நின்னு ரெண்டு பக்கமும் கை கோத்தாத்தான் ஒட்டும்."

"சோப்பை நுரைக்க விடாததும் அதே கால்சியம்தான்," என்றார் நிதானம். "மாடியில இருக்கிற நீல உருளை அதைப் பிடிச்சு வெச்சுக்குது. இவங்க பொய் எழுதலை. எந்தத் தண்ணின்னு எழுத மறந்துட்டாங்க."

"என்னைக் கேக்காம அதை மாட்டினது யாரு?" என்றார் இயக்குநர்.

உருளையிலிருந்து உரித்து வந்த சீட்டை நிதானம் நீட்டினார். டீயில் சுண்ணாம்பு வாடை அடிக்கிறது என்ற குறிப்பின் கீழ் இயக்குநரின் கையெழுத்து இருந்தது.

இயக்குநர் தன் சட்டைப்பையிலிருந்த வேலைநீக்கக் கடிதத்தை எடுத்துக் கிழித்தார். "ரெண்டு தண்ணியையும் சேர்த்து எழுதும்மா."

பெண் அழுதேவிட்டாள். மனைவி, பக்கத்து மேசைக்காரருக்கு எதற்கென்று சொல்லாமல் ஒரு வணக்கம் வைத்தாள்.